சீமெந்துக் கல்லா, மண்கல்லா: இரண்டு மாரி கண்ட ஒரு வன்னி வீட்டின் கணக்கு

"மண்ணிலையோ வீடு கட்டப் போறியள் தம்பி? மண்ணுக்கையும் தறப்பாளுக்கையும் கிடந்தது காணாதே?"

மேசன் அண்ணை இப்படிக் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. 2023 பங்குனி. மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் உள்ள எங்கள் வளவில், அத்திவாரத்துக்குக் கயிறு பிடித்துக்கொண்டு நின்றோம். வன்னியில் 'கல்வீடு' என்பது சாதாரணச் சொல் இல்லை. இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் மாரிகளைக் கழித்தவர்களுக்கு அது ஒரு நிம்மதியின் பெயர். அவர்களிடம் போய் மண்தான் நல்லது, சூழலுக்கு உகந்தது என்று சொல்வது எளிதும் இல்லை, எப்போதும் நியாயமும் இல்லை. அண்ணையின் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நான் கட்டியது அழுத்திய மண்கல்லில். வளவில் தோண்டிய மண்ணைச் சலித்து, கொஞ்சம் சீமெந்து கலந்து, கை மெசினில் அழுத்தி எடுக்கும் கல் அது. சூளை கிடையாது, நிழலில் ஈரம் காத்து இறுக விட வேண்டியதுதான். வீடு அறுநூறு சதுர அடி. 2023, 2024 என்று இரண்டு மாரியைப் பார்த்துவிட்டது. ஒரு வீட்டுக்கு இரண்டு மாரி பெரிய வயது இல்லை என்பதையும் சேர்த்தே வாசியுங்கள்.

செங்கல்லைப் பற்றி நீட்டத் தேவையில்லை. நன்றாக வெந்த செங்கல் நல்ல கல்தான். ஆனால் சூளைக்கு விறகு வேண்டும், இங்கே விறகு என்றால் காடு. எங்கள் பக்கத்தில் கிடைத்தவற்றில் பாதி சரியாக வேகாதவை. ஒன்றை வாளித் தண்ணீரில் ஒரு இரவு போட்டு எடுத்தேன், நகத்தால் சுரண்ட வந்தது. நல்லதைத் தூரத்திலிருந்து ஏற்றினால் லொறிக் கூலி கல்லின் விலையைத் தாண்டுகிறது.

துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டி நிறுத்தும் பொருத்து வீடு பற்றிய பேச்சு 2016இல் பெரிதாக அடிபட்டது. வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள், ஒன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா என்றார்கள். அதற்கு முன் வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் கொடுத்துத் தாங்களே கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் கொதித்தார்கள். எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு அம்மா எழும்பிக் கேட்டது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது: "கறள் பிடிச்சால் ஆர் வந்து ஒட்டுறது?"

வீடு கட்டத் தொடங்கியபோது நானும் அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டேன். பத்தாம் வருடத்தில் சுவரில் ஒரு கோளாறு வந்தால், அதை யார், எதைக் கொண்டு, எவ்வளவு செலவில் திருத்துவது?

கரியமில வாயுக் கணக்கை மட்டும் பார்த்தால் பழைய மண்வீட்டை எதுவும் வெல்லாது. தடி நட்டு, வரிச்சுக் கட்டி, மண் குழைத்து அறைந்து, மேலே கிடுகு வேய்ந்த வீடு. எரித்தது எதுவும் இல்லை. கைவிட்டால் நாலு மாரியில் வளவு மண்ணோடு சேர்ந்துவிடும். அம்மம்மாவின் வீடு அப்படிப்பட்டதுதான். மத்தியான வெயிலில் உள்ளே போனால் கிணற்றடி மாதிரி இருக்கும்.

ஆனால் அந்த வீட்டை வீடாக வைத்திருந்தது அம்மம்மாவின் கை. வெள்ளிக்கு வெள்ளி சாணம் கரைத்து நிலம் மெழுகுவார். மாரி முடிந்து தைப்பொங்கலுக்கு முன் சுவரில் கழன்ற இடமெல்லாம் மண் அப்பி, ஈரக்கையால் தடவித் தடவி மட்டப்படுத்துவார். கூரைக்கு ஓலை ஊறப்போட்டுக் கிடுகு பின்னுவதும் அவரும் சின்னம்மாவும்தான். பெரியப்பா கூரையில் ஏறிக் கட்டியது வருடத்தில் ஒன்றிரண்டு நாள். மிச்ச நாளெல்லாம் பெண்களின் வேலை, அதற்குக் கூலி என்று ஒன்று இருந்ததே இல்லை. போருக்குப் பிறகு வன்னியில் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் ஏராளம். பகலில் கூலி வேலைக்குப் போய் மாலையில் பிள்ளைகளைப் பார்க்கும் ஒரு தாய்க்கு, வாராவாரம் மெழுக வேண்டிய வீட்டைச் சூழலின் பெயரால் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்புறம் கறையான். வன்னியில் மண்சுவருக்குள் ஊர்ந்து வளை, கைமரம் வரைக்கும் ஏறிவிடும். வெளியில் தெரியும்போது மரம் கோதாகி இருக்கும். இந்த இரண்டு காரணங்களாலும் வெறும் மண்சுவரை நான் விட்டேன், மனமில்லாமல்தான்.

சீமெந்துக் கல்லுக்கு வருகிறேன். அதன் வசதி எல்லோருக்கும் தெரிந்தது: எந்த மேசனுக்கும் கைவந்த வேலை, கல் அரிந்து விற்பவர் சந்திக்குச் சந்தி இருக்கிறார், சுவர் சீக்கிரம் எழும்பும், ஊர் மதிக்கும்.

மற்றப் பக்கத்தில் முதலில் மணல். கல்லுக்கும் மணல், பூச்சுக்கும் மணல். கனகராயன் ஆற்றுப் பக்கமும் பேராற்றுப் பக்கமும் இரவில் உழவு இயந்திரப் பெட்டிகள் போய்வருவதைப் பார்த்தவர்களுக்கு அந்த மணல் எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தேவையில்லை. அடுத்தது சீமெந்து. சுண்ணாம்புக்கல்லை 1,450 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கித்தான் அது பிறக்கிறது. எரிபொருளிலிருந்து வரும் புகை ஒருபுறம் இருக்க, கல்லுக்குள்ளேயே கட்டுண்டு கிடந்த கரியமில வாயுவும் வெளியேறுகிறது. உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சீமெந்துத் தொழிலின் பங்கு. முருங்கன் களிமண் ரயிலில் காங்கேசன்துறை ஆலைக்குப் போன காலத்தை அப்பா சொல்வார். 1950இல் தொடங்கிய அந்த ஆலை 1990இல் போரோடு நின்றுபோனது. இன்று எங்கள் கடைக்கு வரும் ஒவ்வொரு பையும் தூரத்துச் சாமான். 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் விற்ற 50 கிலோ பை, 2022 நெருக்கடியில் மூவாயிரத்தைத் தொட்டது. அந்த வருடம் நடுச்சுவரோடு நின்ற வீடுகள் எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று.

சீமெந்துக் கல்வீட்டுக்குப் பராமரிப்பே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஒழுங்காகப் பூசி முடித்த வீட்டுக்கு முதல் ஐந்தாறு வருடம் அது உண்மை. ஆனால் எங்கள் பகுதியில் வீட்டுத்திட்டக் காசு கூரையோடு முடிந்துபோக, வெளிச்சுவரைப் பூசாமல் விட்ட வீடுகள் நிறைய. அந்தக் கல் தண்ணீர் குடிக்கும். வாடைக்காற்று மழையை அறையும்போது உள்சுவர் வியர்த்து, அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் படர்கிறது. பூசிய வீடுகளிலும் பூச்சு வெடித்துப் பொருக்காகக் கழன்றால், கொத்திவிட்டு மறுபடி பூச வேண்டும். அதற்கு மணல் லோட், சீமெந்துப் பை, மேசன் கூலி என்று மூன்றுக்கும் காசு வேண்டும். வீட்டுக்காரர் தன் கையால் செய்யக்கூடியது அதில் மிகக் குறைவு. கடன் வாங்கிக் கட்டியவர் மறுபடி கடனுக்குப் போகிறார்.

இனி நான் கட்டியது. இந்த மெசினுக்கு மூத்தது 1950களில் கொலம்பியாவில் உருவான சின்வா-ராம் என்ற கை மெசின். இலங்கையில் அழுத்திய மண்கல்லுக்கு 2009இலேயே எஸ்.எல்.எஸ். 1382 என்ற தரநிர்ணயம் வந்துவிட்டது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதன் பலம் பற்றி வருடக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே இது பரீட்சித்துப் பார்க்காத புதுச்சாமான் இல்லை.

தொடங்கவேண்டியது மண்ணிலிருந்து. ஜாம் போத்தல் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி யன்னல் விளிம்பில் வைத்தேன். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் இறங்கியது, வண்டல் அதன்மேல் படிந்தது, களி மறுநாள் காலைவரை கலங்கி நின்று மெல்லத் தங்கியது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் மண்கட்டடம் பற்றி ஆராயும் ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் சீமெந்து சேர்க்கும் கல்லுக்குச் சொல்லும் நல்ல கலவை, நூற்றுக்குப் பரல் 15, மணல் 50, வண்டல் 15, களி 20 என்ற அளவு. எங்கள் வளவின் மேல் ஒரு அடி சாம்பல் மண்ணைத் தள்ளிவிட்டால், கீழே இருந்த சிவப்பு மண் அதற்குக் கிட்ட வந்தது. அந்த மேல்மண்ணில் வேரும் இலைச்சத்தும் இருக்கும். அது கல்லுக்கு ஆகாது, தோட்டத்துக்கு ஆகும்.

தோண்டுவதைப் பற்றி ஒரு கடுமையான எச்சரிக்கை. இது வன்னி. கண்ணிவெடி அகற்றிய காணி என்றாலும் ஆழத்தில் ஷெல் கிடக்கலாம். பழைய பங்கர் மூடிய இடத்தில் மண் எடுக்காதீர்கள். மண்வெட்டி இரும்பில் தட்டுப்பட்டால் தோண்டிப் பார்க்க வேண்டாம், எல்லோரையும் விலக்கிவிட்டுப் பொலிஸுக்கு அறிவியுங்கள். நாங்கள் முதல் நாள் முழுவதும் அங்குலம் அங்குலமாகத்தான் இறங்கினோம்.

மொத்தம் 4,100 கல். ஒரு கல் ஏழு கிலோ, அதில் சீமெந்து ஆறு சதவீதம். 37 பை முடிந்தது. சீமெந்துக் கல்லில் கட்டி இருபுறமும் பூசினால் எழுபத்தைந்து பைக்குக் கிட்ட வரும் என்று மேசன் அண்ணையே கணக்குப் போட்டுத் தந்தார். எங்கள் வெளிச்சுவருக்குப் பூச்சே இல்லை. சுவரளவில் சீமெந்து பாதியாகக் குறைந்தது, மணல் அதைவிடக் குறைந்தது. இதைச் சீமெந்தே இல்லாத வீடு என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

முதல் இருநூறு கல் பழுதானது. காலையில் ஒரு பெரிய குவியலைக் கலந்துவைத்து மத்தியானம்வரை அதையே அழுத்திக்கொண்டிருந்தோம். கலந்த சீமெந்து மெசினுக்கு வரும் முன்பே இறுகத் தொடங்கிவிட்டது. ஒரு வாரம் கழித்துத் தூக்கினால் மூலைகள் பொரிமா போல் உதிர்ந்தன. பிறகு பத்து வாளிக்கு மேல் கலக்கவில்லை, அரை மணித்தியாலத்துக்குள் முடித்தோம். ஈரத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: ஒரு பிடி கலவையை உருட்டி நெஞ்சு உயரத்திலிருந்து விட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். தூளாகப் போனால் தண்ணீர் காணாது, சப்பளிந்தால் கூடிவிட்டது. அழுத்திய கல்லைப் பழைய தறப்பாளால் மூடி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, 28 நாள் கழித்தே கட்டினோம். அவசரப்படுபவர்கள் இந்த இடத்தில்தான் கெடுக்கிறார்கள்.

வேலை செய்தது ஐந்து பேர். அதில் மூவர் ஒழுங்கையில் இருக்கும் பெண்கள். சலிப்பதும் ஈரம் பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. ஈரத்தில் பிழை விடாதவர்கள் அவர்கள்தான். ஆணுக்குக் கொடுத்த அதே கூலி. கல்லுக்குப் போகும் காசில் பெரும்பங்கு சீமெந்துக் கம்பனிக்கும் லொறிக்கும் போகாமல் ஒழுங்கைக்குள் சுற்றியது. நியாயமான கட்டடக்கலை என்று எதையாவது சொல்வதென்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இப்போது திருத்தம். மண்கல் நனைந்தால் அதன் பலம் உலர்ந்த பலத்தில் பாதிக்கு, சிலவேளை அதற்கும் கீழே இறங்கும். ஆகவே சுவரின் கடைசி இரண்டு அடிதான் முழு வீட்டின் உயிர். அத்திவாரத்தைக் கருங்கல்லில் நிலத்துக்கு மேல் ஒன்றரை அடி உயர்த்தினோம், தாழ்வாரத்தை மூன்று அடி நீட்டினோம். புர்க்கினா பாசோவின் கண்டோ கிராமத்தில் பிரான்சிஸ் கேரே 2001இல் கட்டிமுடித்த பள்ளிக்கூடமும் அழுத்திய மண்கல்தான். அகன்று நீண்ட கூரையைச் சுவருக்கு மேலே தூக்கி நிறுத்தியிருக்கிறார், மழை சுவரைத் தொடாது, சூடும் மேலால் போய்விடும். மண் மழைக்கு நிற்குமா என்று அங்கும் ஊரார் சந்தேகப்பட்டார்கள்.

2024 நவம்பர் கடைசியில், பின்னர் ஃபெங்கல் புயலான அந்தத் தாழமுக்கம் கிழக்குக் கரையோரமாகப் போனது. நாட்கணக்கில் மழை. வளவில் முழங்காலளவு தண்ணீர், முதல் படிவரை வந்து நின்றது. வெள்ளத்தால் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வாடைப் பக்கத்தில்தான் வேறு கோளாறு. கூரையிலிருந்து விழுந்த தண்ணீர், கீழே நான் போட்டிருந்த சீமெந்துத் தளத்தில் பட்டுத் தெறித்துச் சுவரின் காலில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. தண்ணீர் வடிந்து பார்த்தால் மூன்று கல்லின் முகம் விரல்நக ஆழத்துக்கு அரித்திருந்தது.

கட்டும்போதே மூன்று சாக்குச் சலித்த மண் எடுத்து வைத்திருந்தேன். பழைய பல்துலக்கியால் தூசு தட்டி, கல்லை நன்றாக நனைத்து, சிரட்டையால் அளந்து எட்டுக்கு ஒன்று சீமெந்து சேர்த்துக் குழைத்து அப்பினேன். அம்மா பக்கத்தில் குந்தியிருந்து, அம்மம்மா தடவியதுபோலவே ஈரக்கையால் மட்டப்படுத்தினார். ஈரச்சாக்கு மூடி ஒரு வாரம் விட்டோம். அரை நாள் வேலை, மூன்று சிரட்டைச் சீமெந்து. அதே மண் என்பதால் ஒட்டுப்போட்ட இடம் கிட்டப் போனால்தான் தெரியும். பிறகு அந்தச் சீமெந்துத் தளத்தைக் கொத்தி எடுத்துவிட்டுப் பரல்கல் பரப்பினேன். துளி விழுந்தால் இப்போது தெறிப்பதில்லை, உள்ளே இறங்குகிறது.

கறையானுக்கு ஒரு சின்ன ஏற்பாடு. சிவப்புச் சுவரில் சிவப்பு மண்ணால் அது போடும் கோடு கண்ணுக்குப் படாது. ஆகவே அடியில் ஒரு அடி உயரத்துக்குச் சுற்றிவரச் சுண்ணாம்பு அடித்தோம். வெள்ளையில் பென்சில் தடிப்புக் கோடு தெரிந்தாலே அம்மா விளக்குமாற்றோடு போய்விடுவார். ஐப்பசியில் ஒரு நாள் சுண்ணாம்பைப் புதுப்பித்து, சுவரின் காலைச் சுற்றிவரப் பார்த்தால் வருடத்துக்குப் போதும். வாராவாரம் மெழுகிய அம்மம்மாவின் வீட்டோடு ஒப்பிட்டால், அந்த ஒரு நாளை யாரும் தாங்குவார்கள்.

சூடு பற்றிக் கேட்கிறார்கள். உள்ளே குறைவுதான், ஆனால் அதில் ஓட்டுக்கூரைக்கும் தாழ்வாரத்துக்கும் பெரிய பங்கு. சுவர் எவ்வளவு, கூரை எவ்வளவு என்று நான் அளந்து பார்க்கவில்லை. விற்றால் என்ன விலை போகும் என்பதும் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் இப்படிக் கட்டிய வீடு இன்னும் கைமாறவில்லை, வாங்க வருபவர் மண் என்று விலை பேசக்கூடும். சட்டமடித்து மண் இடித்துக் கட்டும் சுவரையும் யோசித்தேன், பழகிய ஆள் கிடைக்காததால் கைவிட்டேன். சீமெந்துக்குப் பதில் சுண்ணாம்பு சேர்த்த கல் பத்துப் பதினைந்துதான் பரீட்சைக்கு அழுத்தினேன். அவை இன்னும் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் மழையில் நிற்கின்றன. இன்னொரு மாரி பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மேசன் அண்ணை கடந்த தையில் தன் மகளின் காணியிலிருந்து ஒரு ஷொப்பிங் பையில் மண் கொண்டுவந்தார். காணி துணுக்காய்ப் பக்கம். போத்தலில் போட்டோம். மறுநாள் மட்டுமல்ல, மூன்றாம் நாளும் தண்ணீர் தெளியவில்லை. பாதிக்கு மேல் களி. துணுக்காய், முருங்கன் பக்கத்துக் கறுத்த மண் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதில் ஆறு சதவீதச் சீமெந்தை நம்பிக் கல் அழுத்தச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவரிடம் அப்படியே சொன்னேன். வெளியிலிருந்து கிரவல் ஏற்றிக் கலந்தால் சரிவருமா என்று கேட்டார். இரண்டு டிப்பர் ஏற்றும் கூலியைப் போட்டுப் பார்த்தோம். சீமெந்துக் கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் பெரிதாக இல்லை. மகளுக்குச் சீமெந்துக் கல்லில்தான் கட்டுகிறார். தாழ்வாரம் மட்டும் மூன்று அடி.